கிரிம்ஸ்லோ கழகம் கீழே இறங்கிய வரலாறு

கிரிம்ஸ்லோ உதைபந்தாட்டக் கழகம் ஒவ்வொரு முறை தரம் இறக்கப்படும்போதும் அதன் மைதானம் ஒரு மாடி உயரம் கீழே போகும். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். நாங்கள் வீடு வாங்கியபோது முகவர் அதை மறைக்கவில்லை. பின்பக்க யன்னலில் முன்பெல்லாம் புல் தெரியும், இப்போது பள்ளம் தெரியும், வீட்டுக்கு நல்ல காற்றோட்டம் என்றார்.

கிரிம்ஸ்லோ இங்கிலாந்தின் வடக்கே இருக்கிறது. மழை பெய்யும்போது அந்த ஊர் வெள்ளைக்காரர்கள் தமிழ் பேசுவார்கள். அதுவும் யாழ்ப்பாணத்துத் தமிழ். மழை விட்டால் ஆங்கிலத்துக்குத் திரும்பிவிடுவார்கள். மழை விடுவது அபூர்வம். ஆகவே என் மனைவி யோகமலருக்கு ஆங்கிலம் படிக்கத் தேவைப்படவில்லை. ஆனாலும் அவளோடு யாரும் வந்து பேசியதில்லை.

நான் பெருந்தெருவில் உள்ள பெற்றோல் நிலையத்தில் வேலை செய்தேன். இருட்டோடு போய் இருட்டோடு வருவேன். அவள் வீட்டில் இருந்தாள்.

கழகத்தின் சீசன் தொடங்குவதற்கு முந்திய சனிக்கிழமை எனக்கு லீவு. முன்னறையில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தேன். பள்ளத்தில் இருந்து ஒரு பந்து எழும்பி, மதிலைத் தாண்டி, யோகமலர் சமைத்துக்கொண்டிருந்த குசினியின் யன்னலால் உள்ளே வந்தது. கண்ணாடி உடையும் சத்தம் கேட்டது. பந்து விழும் சத்தம் கேட்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் பின்கதவில் ஒருவர் தட்டினார். இருந்த இடத்திலேயே தலையைத் திருப்பிப் பார்த்தேன். கழகத்தின் தலைவர் பாஸ்க். அவர் முன்பு உயரமான மனிதராக இருந்தவர். கழகம் கீழே போகும்போது தலைவர் மட்டும் உயரமாக நிற்பது மரியாதை இல்லை என்று ஒவ்வொரு முறையும் அவரும் கொஞ்சம் குறைந்துவிடுவார். இப்போது அவருடைய மோவாய் எங்கள் குசினி மேசையின் விளிம்பில் இருந்தது.

"ஆர் பிடிச்சது?" என்று கேட்டார்.

"நான்தான்," என்றாள் யோகமலர்.

"ஒரு கையாலையோ, ரெண்டு கையாலையோ?"

"ரெண்டு கையாலையும். வெங்காயம் வெட்டிக்கொண்டு நிண்டனான்."

"அப்ப கத்தி?"

"வாயிலை."

பாஸ்க் தொப்பியைக் கழற்றினார். "பிள்ளை, என்ரை அப்பா தலைவரா இருந்த காலம் தொட்டு அந்தப் பந்தை ஒருத்தரும் பிடிச்சதில்லை."

யோகமலர் முன்னறைக்கு வந்து எட்டிப் பார்த்தாள். "இதைக் குடுத்திட்டு வாறன்," என்றாள்.

நான் "ஓம்" என்றேன்.

அன்றும் மறுநாளும் சட்டியில் இருந்த மீன்குழம்பைச் சாப்பிட்டேன். திங்கட்கிழமை குசினித் தரையில் சேறு காய்ந்து கிடந்ததைக் கண்டபோதுதான் அவள் திரும்பி வரவில்லை என்று எனக்கு விளங்கியது.

மைதானத்துக்குப் போனேன். பள்ளத்தின் விளிம்பில் ஒரு மரக் கொட்டில் இருந்தது. பாஸ்க் அதற்குள் ஒரு பெட்டியின் மேல் நின்று தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். மனைவி எங்கே என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் கழகத்தின் வரலாற்றைச் சொல்லத் தொடங்கினார். அந்த ஊரில் எந்தக் கேள்விக்கும் அங்கிருந்துதான் தொடங்குவார்கள்.

விக்டோரியா மகாராணியின் காலத்தில் பசைத் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் கழகத்தை ஆரம்பித்தார்கள். அப்போது மைதானம் தேவாலயக் கோபுரத்துக்கும் மேலே இருந்தது. விளையாட்டுக்காரர்கள் ஏணியில் ஏறிப் போனார்கள். வெளியே அடித்த பந்து பக்கத்து மாவட்டத்தில் விழுந்து ரயிலில் திரும்பி வரும். ஒரு முறை பெரிய கழகம் ஒன்றை வென்றார்கள். அன்று முகில்கள் கோல் கம்பத்துக்குக் கீழே நின்றன. அடுத்த வருடம் தோற்றார்கள். அதன் பிறகு கோபுரத்தின் மணி மைதானத்துக்கு நேரே வந்தது. பிறகு கூரைகள் வந்தன. பிறகு தெரு வந்தது. தெருவோடு நின்றுவிடும் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

"பிறகு மற்றக் கழகங்கள் வரமாட்டம் எண்டிட்டினம்," என்றார் பாஸ்க். "இவ்வளவு ஆழத்துக்குப் பஸ் இறங்காதாம். எதிரணி இல்லாமல் எப்பிடி விளையாடுறது? அதாலை விளையாடுற பெடியளின்ரை வீட்டுக்காரரைக் கூப்பிட்டம். தாய், தகப்பன், பெண்சாதி. அவைதான் இண்டைக்கும் எதிரணி."

"அவை வெல்லுவினமோ?"

"எப்பவும். பிள்ளையை வீட்டை கூட்டிக்கொண்டு போகோணும் எண்டு வெறியோடை விளையாடுவினம். கோல் அடிப்பினம். அவை அடிக்க நாங்கள் தோப்பம். நாங்கள் தோக்கப் பிள்ளை இன்னும் கீழை போகும்."

"அப்ப ஒருத்தரும் வீட்டை போனதில்லையோ?"

"சீசன் முடியாமல் போகேலாது. தோக்காமல் சீசன் முடிஞ்சால் எல்லாரும் போகலாம். வெல்லக்கூடத் தேவையில்லை, சமநிலையே போதும். ஆனால் சொந்தக்காரருக்கு அந்தப் பொறுமை இல்லை, தம்பி."

விளிம்புக்குப் போய்க் குனிந்து பார்த்தேன். ஆழத்தில் மின்விளக்குகள் எரிந்தன. புல் கரும்பச்சையாக இருந்தது. கோல் கம்பத்துக்கு நடுவே மஞ்சள் சட்டை போட்ட ஓர் உருவம் நின்றது.

"யோகம்!" என்று கூப்பிட்டேன்.

குரல் போய்ச் சேர நேரம் எடுத்தது.

"என்ன?" என்றாள்.

"எப்ப வாறீர்?"

"கோலை விட்டிட்டு வரேலாதப்பா. ஆள் இல்லை."

அதற்குள் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். பிறகு இன்னொருவர் கூப்பிட்டார். பதினொரு பேர் விளையாடும் அணியில் பத்துப் பேரும் அவளைத்தான் கூப்பிட்டார்கள். அவள் கையை ஆட்டி ஒவ்வொருவரையும் எங்கே நிற்க வேண்டும் என்று காட்டினாள். அவர்கள் போய் அங்கே நின்றார்கள்.

அதன் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் லீவு கேட்டேன். விளிம்பில் நின்று பார்த்தேன். அவள் ஒரு பந்தையும் விடவில்லை. எதிரணித் தாய்மார் அழுதழுது அடித்தார்கள். அவள் பாய்ந்து பாய்ந்து பிடித்தாள். பிடித்த பந்தை ஒரு கணம் நெஞ்சோடு வைத்திருப்பாள். கழகம் கோல் அடிக்கவில்லை, அதற்கு அந்தப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. ஆனால் தோற்கவும் இல்லை. ஊரில் சிலர் தோற்காத கழகத்தைப் பார்க்கப் பயமாக இருக்கிறது என்று வருவதை நிறுத்திக்கொண்டார்கள்.

சீசனின் கடைசி ஆட்டம் வந்தது. பாஸ்க் என்னைக் கொட்டிலுக்குள் கூப்பிட்டார்.

"இண்டைக்குத் தோத்தால் இனி எங்களுக்கு லீக் இல்லை," என்றார். "உள்ளதிலை அடி லீக் இதுதான். அதுக்குக் கீழை வெறும் கீழ்தான்."

"தோக்காட்டில்?"

"எல்லாரும் வீட்டை போகலாம். கழகத்தை இழுத்து மூடலாம். நானும் கொஞ்சம் வளருவன்." பெட்டியில் இருந்து இறங்கினார். "எதிரணிக்கு ஒராள் குறையுது. நீர் ஆதரவாளரோ, சொந்தக்காரரோ?"

"புருஷன்."

"பேர்?"

"தவநேசன்."

சிவப்புச் சட்டை ஒன்றைத் தந்தார். நனைந்திருந்தது.

மைதானத்துக்கு ஒரு நடைபாதை சரிந்து இறங்கியது. நான் நடக்க நடக்க அது நீண்டது. இரண்டு பக்கமும் பழைய அணிகளின் புகைப்படங்கள். நான் அருகில் போனதும் படங்களில் நின்றவர்கள் களைத்துப்போய் உட்கார்ந்தார்கள். கடைசிப் படம் இந்த வருடத்து அணி. அதில் யோகமலர் நடுவில் கைகட்டி நின்று சிரித்தாள். மேல்வரிசைப் பல் ஒன்று இன்னொன்றின் மேல் லேசாக ஏறியிருந்தது. அவளுக்கு அப்படி ஒரு பல் இருப்பது எனக்குத் தெரியாது. அவள் மட்டும் உட்காரவில்லை. நான் அங்கே நெடுநேரம் நின்றுவிட்டேன். பின்னால் வந்த பெண் என்னை மெல்லத் தள்ளினாள்.

அவள் பெயர் டோரின். கழகத் தலைமை ஆட்டக்காரனின் தாய். தலை முழுக்க நரைத்திருந்தது. முழங்காலில் துணி சுற்றியிருந்தாள்.

"கன காலமா விளையாடுறீங்களோ?" என்று கேட்டேன்.

"என்ரை பிள்ளைக்கு எதிரா எத்தினை கோல் அடிச்சிருப்பன் எண்டு எனக்கே தெரியாது," என்றாள். "ஒவ்வொண்டும் பாசத்திலை அடிச்சது."

கீழே இருந்து பார்த்தால் வானம் ஒரு சின்னச் சதுரம். மழை வந்து சேர நேரம் எடுத்தது. மேலே விட்ட பிறகும் கீழே பெய்தது. மத்தியஸ்தர் விசில் ஊதினார், ஆட்டம் தொடங்கியது. நான் ஓடினேன். எங்கே ஓடுவது என்று தெரியவில்லை. யாரும் எனக்குப் பந்து தரவில்லை. நிம்மதியாக இருந்தது.

யோகமலர் என்னைக் கண்டாள். தலையை அசைத்தாள். பெற்றோல் நிலையத்தில் தெரிந்த வாடிக்கையாளருக்கு நான் அசைப்பது போல.

ஆட்டம் முடியும் நேரம். கோல் எதுவும் இல்லை. டோரின் பந்தோடு கோலை நோக்கி நொண்டி நொண்டி வந்தாள். மகன் குறுக்கே வந்தான். பந்தைத் தட்டிவிட்டிருக்கலாம். தட்டவில்லை. தாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். அவளும் அவனைப் பிடித்துக்கொண்டாள். பந்து தன்பாட்டில் உருண்டு போய் நின்றது.

மத்தியஸ்தர் விசில் ஊதினார். கட்டிப்பிடித்ததற்குத் தண்ட உதை.

டோரின் அடிக்க மாட்டேன் என்றாள். மற்றவர்கள் தங்கள் தங்கள் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு நிலத்தைப் பார்த்தார்கள். கடைசியில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

பந்தை வைத்தேன். யோகமலர் கோலை விட்டு என்னிடம் நடந்து வந்தாள்.

"சப்பாத்துக் கயிறு அவிண்டு கிடக்கு," என்றாள். குந்தி இருந்து இறுக்கிக் கட்டினாள். அவளுடைய கையுறையில் சேறு. "குழம்பு பழுதாப் போயிருக்குமே?"

"முடிச்சிட்டன்."

"சட்டியைக் கழுவினீங்களோ?"

"இல்லை."

"ஊற வைச்சால் போகும்."

"யோகம்," என்றேன் மெதுவாக. "நான் வெளியாலை அடிக்கிறன். சமநிலையாப் போகும். எல்லாரும் வீட்டை போகலாம்."

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். திரும்பிப் போய்க் கோட்டில் நின்றாள்.

நான் ஓடிவந்து அடித்தேன். கம்பத்துக்கு வெகு தூரத்தில், மூலைக் கொடியைப் பார்த்து அடித்தேன். அதை விட வெளியே அடிக்க யாராலும் முடியாது. என் வாழ்க்கையில் நான் சரியாகச் செய்த வேலைகளில் அது ஒன்று.

யோகமலர் ஓடினாள். அவள் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. பந்து கோட்டைத் தாண்ட ஒரு சாண் இருக்கும்போது பாய்ந்து பிடித்தாள். எழும்பினாள். பந்தில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டிவிட்டாள். இரண்டு கைகளாலும் அதை ஏந்திக்கொண்டு, அவசரப்படாமல் நடந்து வந்து, வலைக்குள் வைத்தாள். உருளாமல் இருக்க ஒரு தரம் அழுத்தியும் விட்டாள்.

மத்தியஸ்தர் யோசித்தார். பிறகு கையை உயர்த்தினார். கோல்.

ஒருவரும் அவளோடு கோபிக்கவில்லை. அவளுடைய அணிக்காரர்கள் வந்து ஒவ்வொருவராக அவள் தோளைத் தட்டினார்கள். பிறகு போய்ப் புல்லை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு குந்தினார்கள். பழகியவர்கள். டோரின் மட்டும் மகனுடைய சட்டையை விடவில்லை. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

நான் கோல் கம்பத்தடிக்குப் போனேன்.

"ஏன் யோகம்?"

அவள் கையுறைகளைக் கழற்றிக்கொண்டிருந்தாள். "மேலை வந்து நான் என்னப்பா செய்யிறது?" என்று கேட்டாள்.

குத்தலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டாள். பதில் வரும் என்று பார்த்துக்கொண்டு நின்றாள். நான் யோசித்தேன். வீட்டை நினைத்தேன். யன்னலை நினைத்தேன். ஒவ்வொரு அறையாக மனதுக்குள் போய்ப் பார்த்தேன். குசினிக்குள் நின்று கொண்டிருந்தபோது கடைசி விசில் ஊதிவிட்டது.

வென்றவர்களை மேலே தூக்கினார்கள். கக்கத்துக்குள் கயிறு போட்டு இழுத்தார்கள். அதே நேரத்தில் மைதானம் இறங்கத் தொடங்கியது. சத்தமே இல்லை. விளக்குகள், கம்பங்கள், குந்தியிருந்த பத்துப் பேர், மஞ்சள் சட்டை எல்லாம் ஒன்றாகச் சிறுத்தன. அவள் குந்தவில்லை. கம்பத்தில் சாய்ந்து நின்று கையுறையில் இருந்த சேற்றைச் சுரண்டினாள். நான் "கொஞ்சம் பொறும்" என்று கத்தினேன். அது மழையில் கரைந்து கீழே எதுவாகப் போய்ச் சேர்ந்ததோ தெரியாது.

மேலே ஊரே கூடி நின்றது. கொட்டிலில் பாஸ்க்கின் தொப்பி மட்டும் தரையில் இருந்தது. அது லேசாக அசைந்தது. யாரோ அதை மிதித்துவிடாமல் ஓரமாக எடுத்து வைத்தார்கள்.

"தவநேசன்!" என்று கத்தினார்கள். "தவநேசன் அடிச்ச கோல்!" அந்தச் சீசனில் அந்த மைதானத்தில் விழுந்த ஒரே கோல் அதுதானாம்.

"நான் அடிக்கேல்லை," என்றேன். "வெளியாலைதான் அடிச்சனான்."

"தன்னடக்கம்," என்றார் ஒருவர். மற்றவர்கள் கைதட்டினார்கள்.

என்னைத் தோளில் தூக்கினார்கள். எனக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில் அழுகிறான் என்று இன்னும் உயரத் தூக்கினார்கள். கடைத்தெருவால் கொண்டுபோனார்கள். பசைத் தொழிற்சாலையின் மதிலோரமாகக் கொண்டுபோனார்கள். வழியில் கதவுகள் திறந்தன, புதிய தோள்கள் வந்து மாற்றிக்கொண்டன. பின்பக்க ஒழுங்கையில் எங்கள் வீடு வந்தபோது இறக்கிவிடுங்கள் என்றேன். உடைந்த குசினி யன்னல் என் முழங்காலுக்கு நேரே வந்து, கடந்து போனது.

மழை விட்டது. அவர்கள் ஆங்கிலத்தில் பாடத் தொடங்கினார்கள். இறக்கிவிடுங்கள் என்று ஆங்கிலத்திலும் சொல்லிப் பார்த்தேன். ஒரு பெண் தன் குழந்தையை உயர்த்தி, என்னைத் தொட்டுப் பார்க்கச் சொன்னாள்.

அவ்வளவு உயரத்தில் இருந்து பள்ளம் நன்றாகத் தெரிந்தது. முதலில் விளக்கு வெளிச்சம் தெரிந்தது. பிறகு வெளிச்சத்தின் நிறம் மட்டும் தெரிந்தது. பிறகு இருட்டுக்குள் பந்து உதைக்கும் சத்தம் கேட்டது. ஒரு உதை. இடைவெளி. யாரோ அதைப் பிடித்துவிட்டார்கள். என்னைச் சுமந்தவர்கள் மூலையில் திரும்பி, மலைப்பாதையில் ஏறத் தொடங்கினார்கள்.