கொழுப்பு மாத்திரை

என் வீட்டுக்காரர் எட்வர்டு பலமாகக் காற்றடித்தால் விழுந்துவிடுவார். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், இரும்புக் கம்பி உருட்டும் கம்பெனியில் உலைக்குப் பக்கத்தில் வேலை. உடம்பில் சதை எங்கே ஒட்டும்? அப்படிப்பட்டவரைத்தான் ஆரம்ப சுகாதார நிலையத்தில், அத்தனை பேர் வரிசையில் நிற்கும்போது, நர்ஸ் சுமலதா கூவி அழைத்தாள்.

"எட்வர்டு யாருங்க? ஒங்களுக்குக் கொழுப்பு ரொம்ப ஜாஸ்தியா கீது. தெனம் நைட்டு இந்த மாத்திர போடணும். உட்டா ஹார்ட்டு அட்டாக்கு, பக்கவாதம்னு வந்துரும்."

சுகர் மாத்திரை வாங்க வந்திருந்த மோகன்ராஜ் திரும்பிப் பார்த்தான். கம்பெனியில் இவருக்கு சூப்பர்வைசர். ஊரில், என் மாமனார் கூலிக்கு உழுத நிலத்தின் சொந்தக்காரர் கலியனுடைய மகன்.

"இத்த சொல்ல ரத்த டெஸ்டு வேறயா சிஸ்டர்? அவங்க அப்பன் காலத்துலயே எங்களுக்குத் தெரியுமே" என்றான்.

வரிசையே சிரித்தது. பாவிகள். மறுநாள் கம்பெனி முழுக்க அதே பேச்சு: "இன்னா எட்வர்டு, கொழுப்பு கொறஞ்சுச்சா?"

வரப்பில் செருப்போடு நடந்ததற்காக என் மாமனாரைத் தென்னையில் கட்டிவைத்து அடித்தபோது கலியன் கேட்டதும் "கொழுப்பாடா உனக்கு?" என்றுதான். அதைக் கண்ணால் பார்த்தவர் இவர். மாத்திரையைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டார்.

"அது வேற கொழுப்புய்யா, ரத்தத்துல கீறது" என்று கெஞ்சினேன்.

"எதுவா இருந்தா இன்னா? முழுங்குனா, ஆமா சார், எனக்குக் கொழுப்புதான்னு நானே ஒத்துக்கினதா ஆவும். எங்கப்பா அடி வாங்கிக்கினுகூட ஒத்துக்கல மெர்சி."

"வீராப்பு சோறு போடுமா?" என்று கத்தினேன். குப்பையிலிருந்து மாத்திரையைப் பொறுக்கி ரசத்தில் கரைத்துக்கூடப் பார்த்தேன். ஒரு வாய் வைத்ததுமே தட்டைத் தள்ளிவிட்டார். கடைசியில் சுமலதாவையே வீட்டுக்குக் கூட்டிவந்தேன். இந்தத் தடவை அவள் கவனமாக, "கொலஸ்ட்ரால்ங்க" என்றாள்.

"அப்டின்னா இன்னா மேடம்?" என்று கேட்டார் இவர்.

அவள் என்னைப் பார்த்து விழித்தாள். வேறென்ன சொல்வாள், பாவம்?

"கொழுப்புதாங்க."

இவர் எழுந்து வேலைக்குப் போய்விட்டார்.

அந்த ஆடியில் உலைக்குப் பக்கத்திலேயே சுருண்டு விழுந்தார். உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். வலது கையும் காலும் போயின. பேச்சும் போனது. நல்லது கெட்டது எல்லாம் புரிகிறது, பதில்தான் சொல்ல முடியாது. அதைவிடக் கொடுமை எதுவும் எனக்குத் தெரியாது.

மோகன்ராஜ் ஆப்பிள் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தான். நிஜமாகவே வருத்தப்பட்டான், அதையும் சொல்லத்தான் வேண்டும். நான் இரவு மாத்திரையோடு நிற்பதைப் பார்த்ததும், "குடும்மா, நான் குடுக்கறேன்" என்று கையிலிருந்து வாங்கிக்கொண்டான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனாலும் விட்டேன். அவன் கட்டிலோரம் உட்கார்ந்து குனிந்தான்.

"எங்க எட்வர்டு, ஆ காட்டு."

இவர் கண்களை இறுக மூடிக்கொண்டு வாயைத் திறந்தார்.