பூஜைப் புகையில் பழகிய சென்சார்

1

இந்தக் கதையின் வித்து என்னுடையதல்ல. கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகும் பேருந்தில், முன் சீட்டுப் பெண் போனில் சொன்னாள்: “பூஜைப் புகைய நல்ல காத்துன்னு நம்பிடுச்சு மாதேஷ் அது. தப்பு உம்மேல இல்ல.” பிறகும் கொஞ்சம் காதில் விழுந்தது. மீதிக்கு நானே பொறுப்பு. அவளுக்கு ஜெயப்ரியா என்று பெயர் வைத்தேன்.

2

முதல் தொடக்கம்: ‘ஆலைச் சங்குகள் முழங்கும் ஓசூரின் இளங்காலையில்…’ (வேண்டாம். ஓசூரில் நான் எந்தச் சங்கையும் கேட்டதில்லை.)

இரண்டாவது: பைக் எஞ்சின்களைச் சோதித்துத் தரும் சின்ன ஷெட். முதலாளி நாராயணப்பன். எஞ்சினுக்குப் பெட்ரோல் அளவை அமைப்பவன் மாதேஷ். அது சரியா என்று அளந்து பதிவு செய்பவள் ஜெயப்ரியா. இருவருமே கான்ட்ராக்ட். இப்போது சோதனையில் இருக்கும் எஞ்சின் தேறினால் மாதேஷுக்கு வேலை நிரந்தரம்.

இதுவே இருக்கட்டும்.

3

(அடிக்குறிப்பாகப் போட்டால் படிக்கமாட்டீர்கள், அதனால் இங்கேயே. வைட்பேண்ட் ஆக்ஸிஜன் சென்சாரைப் புகைக்குழாயில் திருகினால், புகையில் மிஞ்சிய ஆக்ஸிஜனை வைத்துப் பெட்ரோல் கூடுதலா குறைச்சலா என்று சொல்லும். லேப்டாப் அதைப் பதிந்துகொண்டே இருக்கும்; அந்தப் பதிவுதான் லாக். மாட்டுவதற்கு முன் வெட்டவெளியில் பிடித்து, ‘இதுதான் சுத்தமான காற்று’ என்று அதற்குப் பழக்கிவிட வேண்டும். அங்கே தவறினால் அப்புறம் சொல்வதெல்லாம் தவறு.)

4

சென்சார் வந்து இறங்கியது ஆயுத பூஜையன்று. நாராயணப்பன் அதற்கும் சந்தனம், குங்குமம் வைத்தார்.

“நல்ல நேரம் முடியப் போவுதும்மா, ஆன் பண்ணிடு.”

“இத வெளிய எடுத்துட்டுப் போய்ப் பண்ணணும் சார்.”

“சாமி உள்ள இருக்குது. நீ வெளிய போய் என்னா பண்ணப் போற?”

தீபாராதனை முடிந்ததும் ஷெட்டிலுள்ள எஞ்சின்களை ஒன்றாக ஸ்டார்ட் செய்வது அங்கே வழக்கம். சாம்பிராணியும் சைலன்சர் புகையும் கண்ணைக் கரிக்க, ஜெயப்ரியா சென்சாரைப் பழக்கும் பட்டனை அழுத்தினாள். எல்லோரும் கைதட்டினார்கள்.

5

அடுத்த வாரம் லாக்கைப் பார்த்தால் பெட்ரோல் போதவில்லை என்று வந்தது. ஒரு தடவையல்ல, ஓட்டிய ஒவ்வொரு தடவையும். இப்படி ஓடினால் பிஸ்டன் வெந்துபோகும். நாராயணப்பன் மாதேஷிடம், “நாளையிலிருந்து வர வேணாம்ப்பா” என்றார்.

முதல் வரைவில் மாதேஷை நான் அலட்சியக்காரனாக எழுதியிருந்தேன். எண்ணே சொல்கிறதே, வேறென்ன எழுதுவது? ஆனால் அவன் டிபன் டப்பாவைக்கூட எடுக்காமல் போனதை எழுதியபோது என்னமோ உறுத்தியது. அந்தப் பத்தியைக் கிழித்துப் போட்டேன்.

6

பூஜை வீடியோவை யாரோ வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருந்ததை ஜெயப்ரியா தாமதமாகத்தான் பார்த்தாள். புகை மண்டலம். நடுவில் பொட்டு வைத்த சென்சார். பக்கத்தில் சிரித்தபடி அவளே. ஆக்ஸிஜன் குறைந்த அந்தப் புகையையே சுத்தமான காற்றென்று பழகியதால், எஞ்சின் புகையில் ஆக்ஸிஜன் அதிகம், பெட்ரோல் குறைச்சல் என்றே அது சொல்லியிருக்கிறது.

மறுநாளே சென்சாரைக் கழற்றி, ஷெட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் பிடித்து, புதிதாகப் பழக்கினாள். மாதேஷ் வைத்த அளவைத் தொடாமல் எஞ்சினை ஓட்டினாள். எல்லாம் சரி. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

7

பேருந்தில் நான் கேட்ட மிச்சம் இதுதான். மாதேஷ் சொன்னதை அவள் பதிலிலிருந்து ஊகிக்கிறேன்.

“சென்சார் பழுது, மாத்திட்டேன்னு சொல்லிடு ஜெயா. பூஜையால கெட்டுச்சுன்னு அவருகிட்ட சொன்னா உன்னையும் அனுப்பிடுவாரு.”

“பழுதுன்னு எப்டி சொல்றது? அதுக்கு நாமதான தப்பாக் கத்துக்குடுத்தோம்.”

8

முடிவு அ: உண்மையைக் கேட்டு நாராயணப்பன் விழுந்து விழுந்து சிரிக்கிறார். (மனுஷன் அப்படிச் சிரித்து யாரும் பார்த்ததில்லை. நீக்கம்.)

முடிவு ஆ: பொய் சொல்கிறாள். மாதேஷ் திரும்பி வருகிறான். அடுத்த ஆயுத பூஜைக்கு இன்னொரு புது சாமான் வருகிறது, அதே நல்ல நேரத்தில்… (இதற்குமேல் எழுத வரவில்லை.)

முடிவு இ: பழைய லாக், புதிய லாக் இரண்டையும் நாராயணப்பன் மேசையில் வைக்கிறாள். சாம்பிராணி வாசனை அந்த அறையில் இன்னும் இருக்கிறது. அவர் கண்ணாடியைக் கழற்றி, “ரெண்டுல எதும்மா நெசம்?” என்கிறார். ஜெயப்ரியா வாயைத் திறக்கிறாள்…

பேருந்தில் அதற்குள் ஓசூர் வந்துவிட்டது. அவள் இறங்கிவிட்டாள். கூட்டத்தில் எட்டிப் பார்த்தேன், காணவில்லை.

அவள் என்ன சொன்னாள் என்பதை நீங்களே சொல்லுங்கள். உங்களுக்கும் ஒரு நாராயணப்பன் இருப்பார். என்னால் ஆனது ஒன்றுதான்: மாதேஷின் டிபன் டப்பாவை ஜெயப்ரியா கழுவித் துடைத்து, அவன் மேசைமேல் வைத்திருக்கிறாள். எந்த முடிவை எழுதினாலும், அதை மட்டும் அங்கிருந்து எடுத்துவிடாதீர்கள்.