நூற்று ஐம்பத்தாறு கிலோமீட்டர்

வில்லியனூரில் கல்யாணப் பெண்களுக்கு அலங்காரம் செய்யும் ஜோஸ்பின், பவுடர் டப்பா வாங்கினாலும் திருப்பிப் பார்த்துத் தேதி படிப்பாள். தேதி சரியாக இருந்தால், அது அழித்து எழுதியதோ என்று நகத்தால் ஒரு முறை சுரண்டுவாள். அப்படிப்பட்டவள் பத்து வருடப் பழைய ஜெர்மன் டீசல் கார் ஒன்றை வாங்கப் போவதாகச் சொன்னபோது அவள் புருஷன் பாக்யராஜ் சாப்பாட்டிலிருந்து கையை எடுத்துவிட்டான்.

பெண்ணை அலங்கரித்து மண்டப வாசலில் கொண்டுபோய் இறக்குவதுவரை அவள் பொறுப்பு. பெரிய கார் வேண்டும் என்றுதான் எல்லா வீட்டிலும் கேட்கிறார்கள். வாடகைக் காரை நம்பி இரண்டு முறை முகூர்த்த நேரத்தில் நடுத்தெருவில் நின்றிருக்கிறாள். மூன்றாவது முறை நிற்க அவளுக்கு விருப்பமில்லை.

காரை விற்றவர் திருக்கனூரில் இருக்கும் செல்லப்பன் என்ற பழைய கான்ட்ராக்டர். மீட்டரில் இரண்டு லட்சத்து எண்பத்தோராயிரம் காட்டியது. ஜோஸ்பினுக்கு அதுவே இடித்தது.

“நான் பாத்த வண்டி எல்லாம் எழுபதாயிரந்தான் ஓடியிருக்குதுன்னாங்க. நீங்க மட்டும் இன்னா சார் இவ்ளோ சொல்றீங்க?”

“ஓடினத தானம்மா சொல்ல முடியும். வாராவாரம் வேல விஷயமா பெங்களூரு போய் வருவேன்.”

“இப்ப ஏன் விக்கறீங்க?”

“கண்ணு மங்கிப் போச்சு. டாக்டரு ஓட்டாதன்னுட்டாரு.”

எதிர்ச் சுவரில் தொங்கிய காலண்டரைக் காட்டி, இன்றைக்கு என்ன திதி போட்டிருக்கிறது என்று கேட்டாள் ஜோஸ்பின். பெரியவர் கண்ணை இடுக்கினார், எழுந்து பாதி தூரம் நடந்தார், பிறகு சிரித்துக்கொண்டு திரும்பி வந்து உட்கார்ந்தார். பாக்யராஜ் வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டான். ஜோஸ்பின் அதற்குப் பிறகுதான் அட்வான்ஸை எடுத்து வைத்தாள்.

இரண்டு மாதம் கார் ராஜா மாதிரி ஓடியது. பார்லரிலிருந்து கரிக்கலாம்பாக்கம் மண்டபம், அங்கிருந்து வீடு, வீட்டிலிருந்து கடைத்தெரு. ஒரு நடைக்குப் பத்து கிலோமீட்டரைத் தாண்டியதில்லை. மூன்றாவது மாதம் ஆரஞ்சு நிறத்தில் ஒரு விளக்கு எரிந்தது. மிதித்தால் வண்டி இழுக்கவில்லை. டவுனில் ஏசி போட்ட ஒரு பெரிய ஒர்க் ஷாப்பில், புகையை வடிகட்டும் பில்ட்டர் போய்விட்டது, புதிதுதான் போட வேண்டும் என்றார்கள். அவர்கள் சொன்ன விலைக்கு அந்தக் காரில் பாதியை வாங்கலாம்.

பெரியவர் தெரிந்தேதான் தலையில் கட்டிவிட்டார் என்று முடிவு செய்து செல்லப்பனுக்குப் போன் போட்டாள். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “ஊருக்குள்ளயே ஓட்டினு இருக்கியாம்மா?” என்றார். பழியை நம் மேலேயே திருப்புகிறார் பார் என்று போனை வைத்துவிட்டாள்.

கடைசியில் பைபாஸ் ஓரம் ஷெட் போட்டிருக்கும் மெக்கானிக் மணிவண்ணனிடம் போனாள். கையளவு கருவி ஒன்றைக் காரில் செருகிப் பார்த்துவிட்டு அவன் சொன்னான்: “கரி அடைச்சிக்கினு இருக்குதுக்கா. பில்ட்டர்லாம் மாத்த வேணாம். ரெண்டு நாள் வண்டிய உட்டுட்டுப் போங்க.”

கூலியும் குறைவாகவே சொன்னான். அவ்வளவு பெரிய இடத்தில் அவ்வளவு கேட்டதற்கு இவன் இவ்வளவுதான் கேட்கிறான் என்றால் ஏதோ இருக்கிறது. டயர், ஸ்டெப்னி, டீசல் முள், மீட்டர் எல்லாவற்றையும் போனில் படம் பிடித்துக்கொண்டுதான் சாவியைக் கொடுத்தாள்.

மூன்றாம் நாள் விளக்கு அணைந்திருந்தது. கால் வைத்ததும் வண்டி பாய்ந்தது. ஆனால் மீட்டர் நூற்று ஐம்பத்தாறு கிலோமீட்டர் கூடியிருந்தது.

“டெஸ்ட் டிரைவ்க்கா. ஹைவேல கொஞ்சம் ஓட்டிப் பாத்தேன்” என்றான் மணிவண்ணன். பேசும்போது ஸ்பானரைத்தான் பார்த்தான், அவளைப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து பின் சீட்டைத் துழாவிப் பார்த்தாள். இடுக்கில் ஒரு கொத்து வேப்பிலை. அவள் அலங்கரித்த எந்தப் பெண்ணும் வேப்பிலையோடு ஏறியதில்லை. சட்டென்று ஒன்று தோன்றியது. மணிவண்ணன் பெண்டாட்டி ருக்குமணி புருவம் திருத்த பார்லருக்கு வருகிறவள், நம்பர் போனில் இருக்கிறது. அவளுடைய வாட்ஸப் ஸ்டேட்டஸைத் திறந்தாள். சிவப்புப் புடவை கட்டிய நான்கு பெண்கள் ஒரு காரில் சாய்ந்து நின்றார்கள். பின்னால் மேல்மருவத்தூர் என்ற போர்டு. கார் யாருடையது என்று பார்க்க நம்பர் பிளேட்டே தேவைப்படவில்லை, அதுவும் தெளிவாகத் தெரிந்தது.

“வண்டி நல்லா ஓடுதில்ல, உட்டுடு” என்றான் பாக்யராஜ்.

அவள் விடவில்லை. ஷெட்டுக்குப் போய்ப் போனை நீட்டினாள். மணிவண்ணன் படத்தைப் பார்த்தான். கையைத் துணியில் துடைத்தான், துடைத்துக்கொண்டே இருந்தான்.

“அந்தக் கரி தானா எரியணும்க்கா. நிறுத்தாம, ஒரே வேகத்துல, ரொம்ப தூரம் ஓட்டனாதான் எரியும். எப்படியும் ஓட்டித்தான் ஆவணும். எங்க மாமியாருக்கு வேண்டுதல் ஒண்ணு பாக்கி இருந்துது. காலி சீட்டுதானேன்னு ஏத்திக்கினேன்.”

“என்னாண்ட ஏன் சொல்லல?”

“சொன்னா உட்டிருப்பீங்களா?”

விட்டிருக்க மாட்டாள். அது அவளுக்கே தெரிந்ததால் கோபம் இன்னும் ஏறியது. “வேணான்னுதான் சொல்லியிருப்பேன். என் வண்டி, நான் அப்படித்தான் சொல்லுவேன்.”

“தப்புதான்க்கா” என்று அவன் வாங்கிய கூலியை எடுத்து நீட்டினான்.

“அது செஞ்ச வேலைக்கு. வெச்சிக்கோ” என்று வந்துவிட்டாள். ஆனாலும் மனசு ஆறவில்லை. ஓட்டினால் எரியும் என்பதும் கோயிலுக்குப் போக அவன் கட்டிய கதையாக இருந்தால்?

ஐந்து வாரத்தில் விளக்கு மறுபடி எரிந்தது. அவளே கூப்பிட்டாள். “மணி, அந்தக் கரி எரியறத என் கண்ணால பாக்கணும்.”

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் கிளம்பினார்கள். ஓட்டியது ஜோஸ்பின். பக்கத்தில் கருவியோடு மணிவண்ணன், பின்னால் பாக்யராஜ். திண்டிவனம் சாலைக்கு வந்ததும், “எம்பதுல வெச்சிக்கினு காலை எடுக்காம போங்க” என்றான் மணிவண்ணன். கருவியில் கரியின் அளவு முப்பத்தெட்டு என்று இருந்தது. கிளியனூர் தாண்டியும் முப்பத்தெட்டு. அவள் உதட்டைக் கடித்தாள். பிறகு முப்பத்தைந்து. முப்பது.

“இது நீயே இறக்கறதில்லையே?”

அவன் சிரித்துவிட்டு கருவியைப் பின்னால் கொடுத்தான். “அண்ணே, நீங்க படிங்க.”

பாக்யராஜ் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒவ்வொரு எண்ணாகப் படித்துக்கொண்டு வந்தான். திண்டிவனம் நெருங்கும்போது, “ஒம்போது” என்றான். அதே நேரம் விளக்கு அணைந்தது. சூடான இரும்பு வாசனை லேசாக உள்ளே வந்தது. அவ்வளவு நேரம் இறுக்கிப் பிடித்திருந்த ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்தாள்.

ஓரமாக நிறுத்தி டீ குடித்தார்கள். மாதத்துக்கு ஒரு தடவை இப்படிப் போய் வந்தால் போதும், இனி தான் வரத் தேவையில்லை என்றான் மணிவண்ணன். எங்கே போவது என்று யோசித்தாள். ஞாயிறு போனால் பார்லர், பார்லர் விட்டால் மண்டபம். பத்து கிலோமீட்டருக்கு வெளியே அவளுக்கு ஒரு வேலையும் இல்லை.

“உங்க மாமியாருக்கு வேற வேண்டுதல் எதுனா இருக்குதா?” என்று கேட்டாள்.

மணிவண்ணன் டம்ளரை இறக்கி அவளை ஓரக்கண்ணால் பார்த்தான். “இன்னாத்துக்குக்கா கேக்கறீங்க?”

“சும்மாதான்.”

“அப்படிலாம் ஒண்ணும் இல்லக்கா” என்றான் அவசரமாக. முகத்தைப் பார்த்தால் இரண்டு மூன்றாவது இருக்கும் போலத் தெரிந்தது.

“இருந்தா சொல்லு. டீசல் பாதி உன்னுது. ஆனா நான்தான் ஓட்டுவேன்” என்று சொல்லிவிட்டு ஜோஸ்பின் சாவியை எடுத்தாள்.