சுறாவும் என் வீட்டுக்காரரும்

என் வீட்டுக்காரர் அந்தச் சுறாவின் கதையை மூன்றாவது முறையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டில் சொன்னபோது அது நாலடி. அலுவலகத்தில் ஏழடியானது. இன்று அவர் தம்பியும் ஓரகத்தியும் சாப்பிட வந்திருந்ததால் பத்தடிக்குக் குறையவில்லை. "இவ அப்படியே ஒறைஞ்சு போய்ட்டா. கையைப் பிடிச்சு இழுத்துக் கரை சேர்த்தேன். அன்னிக்கு மட்டும் நான் இல்லேன்னா..." என்று நிறுத்தி, தண்ணீர் குடித்தார். ஓரகத்தி என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்கள் உண்டு. இவர் ஒரு சுறாவையே மறைத்துக்கொண்டிருந்தார்.

நடந்தது எனக்கல்லவா தெரியும்! எங்களுக்குப் படகெல்லாம் கிடையாது, காற்று சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு கரையிலிருந்து நீந்திப் போய்த்தான் முங்குவோம். பாறைச் சரிவு முடிகிற இடத்தில், நாலு ஆள் ஆழத்தில், கண்ணை மட்டும் வெளியே வைத்து மணலுக்குள் புதைந்திருந்த திருக்கை மீனை அவருக்குக் காட்டிக்கொண்டிருந்தேன். அப்போது சுறா வந்தது. என் உயரம்கூட இல்லை. துடுப்பு நுனி மட்டும் கறுப்பு. நிதானமாக எங்களை ஒரு வட்டம் போட்டது. பயம் வந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். மணலில் மண்டியிட்டு அசையாமல் இருந்தேன். இவர் உதைத்துக்கொண்டு கிளம்பிய வேகத்தில் காலில் மாட்டியிருந்த ரப்பர் துடுப்பு பட்டு, மூக்கையும் சேர்த்து மூடும் என் முங்கு கண்ணாடி கழன்றது. உப்பு கண்ணை எரிக்க, சுறா எந்தப் பக்கம் என்றே தெரியாமல், தடவித் தடவி மாட்டி, மூக்கால் ஊதித் தண்ணீரை வெளியேற்றினேன். பார்வை தெளிந்தபோது அது திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. அவ்வளவு அழகு! மேலே வந்து, நீந்திக் கரையேறிப் பார்த்தால், இவர் கரையில் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கூட முங்கும் ஜோடியை விட்டுவிட்டுப் போகக் கூடாது என்பது முங்கக் கற்றுக்கொள்ளும் முதல் நாளே சொல்லித்தரும் பாடம். போகட்டும், மனுஷனுக்கு மானம் போய்விடும் என்று அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை.

"அதான் முடிவு பண்ணிட்டேன்," என்றார் இப்போது. "இனிமே இவ தண்ணிக்குள்ள எறங்கறதில்ல. சாமானெல்லாம் கட்டிப் பரண்ல போட்டாச்சு."

என்னிடம் சொல்லவில்லை, தம்பியிடம் சொன்னார். ஐம்பத்தோரு வயதில் எனக்கென்று நான் கண்டுபிடித்த ஒரே இடம் அந்தக் கடல். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கையைப் பிடிச்சீங்களா?" என்றேன். "நீங்க ஒதைச்ச ஒதையில என் கண்ணாடியே கழண்டுது. விட்டுட்டு ஓடினது நீங்க. பயந்தது தப்பில்ல. உங்க பயத்தை என் தலையில கட்டாதீங்க."

ஓரகத்திக்குப் புரையேறியது. கொழுந்தன் தட்டைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

மறுநாள் காலை நானே பரணில் ஏறிச் சாமானை இறக்கினேன். மருந்துக்கடை அக்கா ஜோடிக்கு வந்தாள், என்னைவிட அனுபவசாலி. காற்று சிலிண்டரை முதுகில் ஏற்றி, ஒருவர் வாரை ஒருவர் இழுத்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது அவருடைய கார் வந்து நின்றது. அலுவலக உடுப்போடு மணலில் இறங்கி வந்தார்.

"மறுபடி அது வந்தா என்னடி பண்ணுவே?"

"வந்தா, நீங்க விசாரிச்சதா சொல்றேன்."

அக்கா சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை. "எனக்குப் பயமா இருக்குடி," என்றார் மெதுவாக. இந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து கேட்பது இதுதான் முதல் தடவை.

"இருக்கட்டும்," என்றேன்.

காலில் துடுப்பை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தால் தடுக்கி விழ வேண்டியதுதான். அலைக்கு முதுகைக் காட்டி, கரையைப் பார்த்தபடி பின்னோக்கித்தான் கடலுக்குள் இறங்க வேண்டும். அதனால் அவரைப் பார்த்துக்கொண்டே போனேன். முழங்கால், இடுப்பு, மார்பு. காற்றுக்குழாயை வாயில் கடித்தேன். அவர் பாலிஷ் போட்ட ஷூவோடு தண்ணீருக்குள் வந்து நின்றிருந்தார். ஒரு அலை எழும்பி அவரை முழங்கால்வரை நனைத்தது. அவர் பின்வாங்கவில்லை.