பூவாணிக்குடியில் வரிசை நிற்கும் முறை

அரிமளத்துக்குத் தெற்கே இருக்கும் பூவாணிக்குடியில் இரண்டு பேருக்கு மேல் சேர்ந்து நின்றால் அகர வரிசையில்தான் நிற்பார்கள். அப்படி நிற்க யாரும் சொல்வதில்லை. கால்களே நகர்ந்துபோய் நின்றுவிடும். ரேஷன் கடையிலும் பஸ் ஸ்டாப்பிலும் செத்தவருக்கு மாலை போடும்போதும் அப்படித்தான். வெளியூர்க்காரர்களும் ஊர் எல்லைப் பாலத்தைத் தாண்டியதும் தங்கள் எழுத்துக்குரிய இடத்துக்குப் போய்விடுவார்கள். தேர்தல் வேலைக்கு வந்த அதிகாரி ஒருவர், மாவட்டத்திலேயே ஒழுக்கமான ஊர் இதுதான் என்று சொல்லிவிட்டுப் போனார். இது 1988 தை மாதம், சோளம் பால் பிடிக்கும் பருவத்தில் தொடங்கியது. அந்த வருடம் கடலை விலை இறங்கியிருந்தது.

காரணம் சொர்ணவல்லி. இயற்பியல் படித்துவிட்டு டீச்சர் வேலைக்குக் காத்திருந்தவர். குவைத்தில் இருந்த கணவரிடம் மிக்ஸி கேட்டிருந்தார். மிக்ஸியும் கம்ப்யூட்டரும் ஒரே விலை என்று கடைக்காரன் சொன்னதால் கணவர் கம்ப்யூட்டரை வாங்கி அனுப்பிவிட்டார். டைப் அடிக்கும் பலகை போன்ற ஒரு பெட்டி மட்டும்தான் வந்தது. அதை டி.வி.யில் மாட்ட வேண்டும், எழுதும் புரோகிராமை டேப் ரெக்கார்டரில் சாதாரணக் கேசட்டில் பதிய வேண்டும். கேசட்டை ஓட விட்டால் காதைக் கிழிக்கும் ஓர் இரைச்சல் வரும். அந்த இரைச்சல்தான் புரோகிராம். சொர்ணவல்லி யாரிடமும் போகாமல் தானே படித்துக்கொண்டார். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டைத் திறந்து வைத்தார். இலுப்பூரிலிருந்து ரேடியோ ரிப்பேர் செய்பவர் வந்தார், கீரனூரிலிருந்து கல்லூரிப் பையன்கள் பஸ் மாறி வந்தார்கள். தெரிந்ததை எல்லோரும் எல்லோருக்கும் சொல்ல வேண்டும், கேட்டவருக்குக் கேசட்டைப் பிரதி எடுத்துத் தர வேண்டும் என்பது மட்டும்தான் அங்கே விதி. வேறு ஊர்களில் அதே பெட்டியை வைத்திருந்த முகம் தெரியாதவர்களுக்கும் அவர் தபாலில் கேசட் அனுப்பினார். தமிழ் எழுத்துகளைப் புள்ளி புள்ளியாக டி.வி.யில் வரைந்தார். அதன் பிறகு தமிழ்ப் பெயர்களை அகர வரிசைப்படுத்தும் புரோகிராமை எழுதினார். அதை முடிக்க இரண்டு மழைக்காலம் ஆனது. கூடவே உட்கார்ந்து கற்றுக்கொண்டவன் விஸ்வநாதன், கோயில் கமிட்டித் தலைவர் வயிரவனின் மகன்.

மாசித் திருவிழா நோட்டீஸில் யார் பெயருக்கு மேல் யார் பெயர் வருகிறது என்பதற்காக அந்த ஊரில் அண்ணன் தம்பி பேச்சு நின்றிருக்கிறது, பெண் எடுத்த வீட்டுக்குப் போக்குவரத்து நின்றிருக்கிறது. மூன்று தலைமுறையாக வயிரவன் வீட்டுப் பெயர்தான் முதலில். அந்த வருடம் விஸ்வநாதன் உபயதாரர் பெயர்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பார்க்க ஆசைப்பட்டான். டி.வி.யில் வந்ததைப் பார்த்துச் சிரித்தான்.

"அக்கா, எங்கப்பா பேரு அடியில கெடக்கே."

"மேல கீழல்லாம் அதுக்குத் தெரியாது தம்பி. எழுத்து மட்டுந்தான் தெரியும்."

அப்படியே எழுதிக்கொண்டு புதுக்கோட்டை அச்சகத்தில் கொடுத்தவனும் அவன்தான். நோட்டீஸ் வந்தபோது, பந்தலுக்கு ஓலை கொடுத்த கருப்பன் பெயர் உச்சியில் இருந்தது. வயிரவனுக்குக் கீழே லாரி டிரைவர் வீரய்யா மட்டும் இருந்தார். வயிரவன் ஆட்களோடு சொர்ணவல்லி வீட்டுக்கு வந்தார். மகனும் பின்னால் வந்தான். "யாரு பாத்த வேலைடா இது?" என்று கேட்டதற்கு, "அக்காதான் பண்ணுச்சு. நான் பாக்கவே இல்ல" என்றான். பெட்டியைத் தூக்கி ஊருணியில் போட்டார்கள். அது முழுகியது. கேசட்டுகளை வயிரவன் வீணாக்கவில்லை. நாடாவை உருவித் தன் சோளக்கொல்லையைச் சுற்றிக் கட்டச் சொன்னார். காற்றடித்தால் நாடா மின்னி இரையும், குருவி அண்டாது. அந்தப் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான். ஆனால் மற்றவர்கள் கட்டுவது சினிமாப் பாட்டு நாடா.

காற்று அடித்ததும் நாடா தன் இரைச்சலைப் போட்டது. ஊர் முழுக்கக் கேட்டது. முதலில் கரண்டுக் கம்பியில் காக்கை, கிளி, குருவி, மைனா என்று பறவைகள் முறையாக உட்கார்ந்து, ஒன்றன்பின் ஒன்றாக இறங்கிச் சோளத்தைத் தின்றுவிட்டுப் போயின. சாயங்காலம் பால் சொசைட்டியில் ஆட்களும் அதே முறையில் நின்றார்கள். மாசித் திருவிழாவில் பரிவட்டம் கட்டும் நேரத்தில் கருப்பன் சாமிக்கு நேராக, எல்லோருக்கும் முன்னால் நின்றார். "ஐயா, நானாப் போயி நிக்கலைங்க. காலு இழுக்குதுங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பின்னால் போகப் பார்த்தார்; போன வேகத்தில் கால்கள் திரும்பக் கொண்டுவந்து விட்டன. பரிவட்டத்தோடு நின்ற பூசாரி கருப்பனைப் பார்க்காமல் வரிசையின் கடைசிக்கு நடந்துபோய், அங்கே நின்ற வீரய்யாவை விட்டுவிட்டு வயிரவனுக்குக் கட்டினார். முதல் மரியாதை இனிமேல் கடைசியிலிருந்துதான் தொடங்கும் என்று கமிட்டி முடிவு செய்தது. வயிரவன் கடைசியில் நிற்கத் தோதாக, திருவிழா அன்று வீரய்யாவுக்கு ஒவ்வொரு வருடமும் அறந்தாங்கிக்கு ஒரு லோடு கிடைத்தது. பெரிய வீடுகளில் பிள்ளைகளுக்கு, அகர வரிசையில் கடைசியாக வரும் எழுத்துகளில் ஜனனி, ஹரிணி என்று பெயர் வைத்தார்கள். கருப்பன் அடுத்த தையில் குடும்பத்தோடு திருப்பூருக்குப் போய்விட்டார். மற்றபடி ஊர் முன்பு போலத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை யாரும் வரவில்லை. சொர்ணவல்லிக்கு டீச்சர் வேலையும் வரவில்லை. கணக்கு டியூஷன் எடுத்தார். சில வருடம் கழித்து ஊர்ப் பெரியவர்கள் வந்து, இதை நிறுத்த முடியுமா என்று கேட்டார்கள். "நாடாவ முழுசாக் கொண்டாங்க, நிறுத்துறேன்" என்றார். அதற்குள் நாடா பல கொல்லைகளுக்குப் போய், ஆட்டுக்குட்டிகளைக் கட்டி, அறுந்து முடிந்திருந்தது. விஸ்வநாதனிடம் மட்டும் முன்பே எடுத்த பிரதி ஒன்று இருந்தது. அவர் அதோடு சென்னைக்குப் போனார், அலுவலகங்களுக்கு விற்றார், கம்பெனி வைத்தார். சின்னப் பையனாக இருந்தபோது சொந்த ஊரில் தனியாக உட்கார்ந்து எழுதியது என்று டி.வி.யில் சொன்னார். அதைப் பார்த்துக்கொண்டிருந்த சொர்ணவல்லி, மகளிடம் சீரியல் போடச் சொன்னார்.

போன ஐப்பசியில் சொர்ணவல்லி இறந்தார். மகள் கௌசல்யா புதுக்கோட்டையில் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறார். அப்போது ஊர் நூலகத்தில் விஸ்வநாதன் செலவில் ஒரு கணினி அறை கட்டி முடிந்திருந்தது. கௌசல்யா அவரைப் போய்ப் பார்த்தார்.

"கல்வெட்டுல அம்மா பேரு ஒரு வரி வரணும்ங்க. வேற எதுவும் கேக்கல."

"எங்கப்பா பேருல உள்ள ட்ரஸ்ட்டும்மா இது. கல்லும் வெட்டியாச்சு. நான் பேசுறப்ப அக்காவப் பத்தி நல்லாச் சொல்லிர்றேன், போதுமா?"

"போதாதுங்க."

"ஒங்க அம்மாவுக்கே இந்த ஆசையெல்லாம் கெடையாது, தெரியுமா?" என்று சொல்லிவிட்டு அவர் போனை எடுத்தார்.

திறப்பு விழாவில் அவர் சொன்னபடியே சொன்னார். ஞாயிற்றுக்கிழமை போனால் சொர்ணவல்லி அக்கா இஞ்சி தட்டிப் போட்டு டீ கொடுப்பார், அப்படி ஒரு டீயை உலகத்தில் எங்கும் குடித்ததில்லை என்றார். கைதட்டினார்கள். கௌசல்யா தட்டவில்லை. பிறகு சொர்ணவல்லிக்கு மௌன அஞ்சலி செலுத்த எழுந்தார்கள். கால்கள் நகர்ந்தன. கௌசல்யா, சந்தோஷ்குமார், சிவா என்று நின்றது. அதற்கடுத்து ஓர் ஆள் நிற்கும் அகலத்துக்கு இடம் காலியாக இருந்தது. அதைத் தாண்டித்தான் பஞ்சாயத்துத் தலைவர் திலகவதி நின்றார். வயிரவன் செத்தபோதுகூட வரிசை இப்படி இடம் விட்டதில்லை. அவர் நின்ற இடம் அன்றைக்கே நெருங்கி மூடிக்கொண்டது.

"என்ன சிவா, நான் என்ன கடிச்சா வைக்கப்போறேன்? இங்கிட்டுத் தள்ளி வா."

"வர முடியலக்கா. நீங்க வேணா வந்து பாருங்க."

திலகவதியாலும் முடியவில்லை. போட்டோகிராபர் நெருங்கச் சொல்லிப் பார்த்தார். விஸ்வநாதன் கடைசியிலிருந்து கத்திப் பார்த்தார். போட்டோ அந்த இடைவெளியோடுதான் விழுந்தது. அடுத்த நாள் பேப்பரில் இரண்டு பக்கத்தையும் வெட்டி ஒட்டிச் சேர்த்திருந்தார்கள். கல்வெட்டில் 'வயிரவன் நினைவுக் கணினி அறை, திறந்து வைத்தவர்: தமிழ்க் கணினி முன்னோடி விஸ்வநாதன்' என்று இருக்கிறது. கௌசல்யா அதற்கப்புறம் யாரிடமும் கேட்கவில்லை.

இடைவெளி போகவில்லை. பஸ் ஸ்டாப்பிலும் கோயிலிலும் சிவாவுக்குப் பிறகு ஓர் ஆள் இடம் விட்டுத்தான் ஊர் நிற்கிறது. பழகிவிட்டது. ரேஷன் கடையில் சிவாவுக்கு அரிசி போட்டதும் கடைக்காரர் தராசைத் தொடாமல் ஓர் ஆள் வாங்கும் நேரம் சும்மா இருப்பார். வெளியூர்க்காரர்கள், "யாருமே இல்லியே, அடுத்த ஆளக் கூப்பிட வேண்டியதுதானே?" என்று அவசரப்படுவார்கள். "இருங்க, சொர்ணவல்லி வாங்கிட்டுப் போகட்டும்" என்பார் அவர். அதற்கு முன்பே கௌசல்யா தன் சர்க்கரையை வாங்கிக்கொண்டு போயிருப்பார். அவருக்கு எட்டு மணி பஸ்.