குச்சியை நம்பாத வீடு

தீயணைப்புத் துறை வேலைக்கு ஓட்டத் தேர்வுதான் கடைசிக் கட்டம். எழுத்துத் தேர்வில் எப்படியோ தேறிவிட்டேன். இதையும் ஓடி முடித்தால் வேலை கையில். அந்த நேரம் பார்த்து மாதவிலக்கு தள்ளிப்போனது.

கர்ப்பப் பரிசோதனை கிட் வாங்கிப் பார்த்தேன். ஒரே கோடு. இரண்டாவது கிட்டிலும் அதே ஒற்றைக் கோடு. எனக்கு அப்பாடா என்றிருந்தது. மாமியாருக்குத்தான் மனசு ஒப்பவில்லை.

"அந்தக் குச்சிக்கு என்னடி தெரியும்? இவன் என் வயித்துல இருந்தப்ப எந்தக் குச்சி வந்து சொல்லுச்சு?"

எலக்ட்ரீஷியனான என் கணவராவது என் பக்கம் நிற்பார் என்று பார்த்தால், கிட்டை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "டெஸ்டர் எரியலைன்னா கரண்ட் இல்லைன்னு முடிவு பண்ணக் கூடாது. டெஸ்டரே கெட்டுப் போயிருக்கலாம்." அம்மாவுக்கேற்ற பிள்ளை!

அன்று மாலையே பரணிலிருந்து, என் கணவர் குழந்தையாகத் தூங்கிய பழைய மரத்தொட்டில் இறங்கியது. என் ஷூ காணாமல் போனது.

கோபத்தில் மாமியாரையும் இழுத்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனேன். ரத்தப் பரிசோதனையிலும் கர்ப்பம் இல்லை. "எடை குறைக்கிறேன்னு பட்டினி, அதுக்கு மேல இந்த ஓட்டம். உடம்பு தாங்குமா? ஒழுங்கா சாப்பிடு, ஓட்டத்தைக் கொஞ்சம் குறை. தானா வரும்," என்றார்.

மாமியார் காதில் 'ஓட்டத்தைக் குறை' மட்டும்தான் விழுந்தது. தட்டு நிறையப் போட்டார், ஷூவை மட்டும் தரவில்லை. நான் மொட்டைமாடியில் வெறுங்காலோடு நடந்து ஆத்திரத்தைத் தீர்த்துக்கொண்டேன்.

தேர்வு நாள் காலை, மாதவிலக்கு வந்தேவிட்டது. அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு குளியலறையில் தனியாகச் சிரித்தேன். வெளியே வந்து சொன்னதும் மாமியார் முகம் விழுந்துபோனது. எனக்கே பாவமாக இருந்தது. அவர் உள்ளே போய், தொட்டிலில் விரித்திருந்த துணியை விலக்கி என் ஷூவை எடுத்தார். சேறெல்லாம் போய்ப் பளிச்சென்று இருந்தது.

"கழுவி வெச்சிருக்கீங்களா அத்தை?"

"பின்னே? தொட்டில்ல அழுக்கு ஒட்டலாமா?" என்று முறைத்தார். "வலிச்சா மாத்திரை போட்டுக்க. ஒருத்தியும் உன்னை முந்தக் கூடாது, சொல்லிட்டேன்."

உட்கார்ந்து ஷூவை மாட்டினேன். நைந்துபோன பழைய லேஸைக் காணோம். புது லேஸ் கோத்திருந்தது. தொட்டில் அழுக்காகக் கூடாதென்றால் கழுவியது சரி, லேஸ் எதற்கு மாற்ற வேண்டும்? நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இரண்டு பேருமே அழுதிருப்போம். நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு ஓடினேன்.