பையோடு நின்ற மனிதர்

என்னை யாரும் ஏமாற்ற முடியாது. பெருமைக்காகச் சொல்லவில்லை, பட்டுப் பட்டு வந்த புத்தி இது. ஹாங்காங்கில் வீட்டு வேலை செய்துவிட்டு முதல் விடுமுறைக்குத் திரும்பிய எங்கள் கெடிரி ஊர்ப் பெண்களில், ஜகார்த்தா விமான நிலையத்தில் மொட்டையடிக்கப்படாதவள் எவளுமில்லை. என்னிடம் ஒருவன் "நானும் கெடிரிதான் அக்கா" என்று பேச்சுக் கொடுத்தான். வேனில் ஏற்றினான். ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் நிறுத்தி, கையிலிருந்ததையெல்லாம் பிடுங்கிக்கொண்டு இறக்கிவிட்டான். அவன் பேச்சில் எங்கள் ஊர் வாடை அப்படியே இருந்தது. பணம் போனதைவிட அதுதான் இன்றுவரை எனக்கு ஆறவில்லை.

இந்த முறை நான் வந்தது என் மகள் லாரஸுக்காக. மறுநாள் காலை மாப்பிள்ளை வீட்டார் முறைப்படி பெண் கேட்டு வருகிறார்கள். பையன் பெயர் பிமோ. போனில் பார்த்திருக்கிறேன், முகம் பரவாயில்லை. முகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது, குடும்பம் எப்படி என்றல்லவா பார்க்க வேண்டும்? லாரஸின் அப்பா காலமாகிவிட்டார், சரி என்று சொல்ல வேண்டியவள் நான் ஒருத்திதான். அவர்களை என் கண்ணால் பார்க்காமல் வாயைத் திறக்க மாட்டேன் என்று மாதக்கணக்காகச் சொல்லி வந்தேன். ஒரு பார்வை பார்த்தால் போதும், ஆளை எடைபோட்டுவிடுவேன் என்றும் சொல்லியிருந்தேன். அதை அவள் அவர்கள் வீடு வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தாள். அவளுக்கு பிமோ என்றால் உயிர். ஆனால் நான் வேண்டாம் என்றால் அதோடு சரி, அவள் மீற மாட்டாள்.

ரயில் டிக்கெட்டை அவளே முன்பதிவு செய்து படமாக அனுப்பியிருந்தாள். பசார் செனென் நிலையத்தில் மதியம் ஏறினால் பொழுது விடியும்போது வீட்டில் இருக்கலாம். தொடர் விடுமுறை, அந்த வாரம் வேறு எந்த வண்டியிலும் இடமில்லை. இதை விட்டால் பெண் கேட்கும் நேரத்துக்கு நான் போய்ச் சேர முடியாது. நாளோ ஜாதகக் கணக்குப் பார்த்துக் குறித்த நாள், தள்ளிப் போடவும் முடியாது.

ஜகார்த்தா விமான நிலையத்தில் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன். தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு மனிதர் கையை உயர்த்தினார். ஐம்பதைத் தாண்டியவர். கசங்கிய சட்டை, தேய்ந்த செருப்பு, தோளில் ஒரு துண்டு.

"சுமியம்மாதானே?" என்றார்.

என் அட்டைப் பெட்டியின் நாலு பக்கத்திலும் என் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த எவனும் என்னைச் சுமியம்மா என்று கூப்பிடலாம்.

தன் பெயர் மர்சூடி என்றார். லாரஸ் அனுப்பியதாகச் சொன்னார். என்னை பசார் செனெனுக்குக் கூட்டிப் போய் ரயிலில் பத்திரமாக ஊர் கொண்டு சேர்ப்பது தன் பொறுப்பு என்றார். தானும் கெடிரிதான், இங்கே ஒரு முதலாளியிடம் கார் ஓட்டுவதாகவும் சொன்னார். கெடிரி என்றதும் எனக்குப் பழைய எரிச்சல் கிளம்பியது. இவன்கள் எல்லாருமே கெடிரிதான். மேடான் நகரத்தில் இறங்கினால் மேடான்காரனாகிவிடுவான்கள்.

"லாரஸ் எங்கிட்ட ஒண்ணும் சொல்லலையே" என்றேன்.

அவர் தரையைப் பார்த்துச் சிரித்தார். "சொல்ல வேணாம்னு நான்தான்..." என்று இழுத்து, அப்படியே விட்டுவிட்டார். வெட்கப்படுகிற திருடனை அன்றுதான் பார்த்தேன்.

என் ரயில் பெட்டி எண், இருக்கை எண் எல்லாம் சரியாகச் சொன்னார். உள்ளே நான் போனில் டிக்கெட்டைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன், கூட்டாளி எவனாவது தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்திருப்பான். வேண்டுமானால் லாரஸிடம் பேசுங்கள் என்று தன் போனில் எண்ணைப் போட்டுக் கொடுத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. எப்படி எடுப்பார்கள், அவன் போட்ட எண் அல்லவா? என் போனில் இருந்ததோ ஹாங்காங் சிம், இங்கே செத்துக் கிடந்தது. விமான நிலையத்தின் இலவச இணைப்பை நான் தொட மாட்டேன். இலவசம் என்று எதைக் கொடுத்தாலும் பின்னால் ஒரு கை நம் பைக்குள் இருக்கும்.

அவர் முகத்தை உற்றுப் பார்த்தேன். உச்சி முதல் பாதம் வரை பார்த்தேன். சாதாரணமாக இந்த மாதிரி ஆட்கள் அப்படிப் பார்த்தால் நெளிவார்கள். இவர் என்னடாவென்றால் தலைமுடியைக் கையால் ஒதுக்கிக்கொண்டு, சட்டையை இழுத்துவிட்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல நிமிர்ந்து நின்றார். பிறகு ஒரு சோற்றுப் பொட்டலத்தையும் தேநீர்ப் பாட்டிலையும் நீட்டினார். பசியில் உயிர் போனது, பொரித்த சோயா வில்லையான தெம்பேயின் வாசனை வேறு மூக்கைத் துளைத்தது. மயக்க மருந்து கலந்திருப்பான் என்று பயந்து, விரதம் என்று சொல்லிவிட்டேன். சாயங்காலம் சாப்பிடுங்கள் என்று மறுபடியும் பத்திரமாக மடித்து வைத்தார்.

முகத்துக்கு நேரே போடா என்று சொல்லியிருக்கலாம். ஹாங்காங்கில் அப்படித்தான் சொல்வார்கள், வேண்டாம் என்றால் வேண்டாம், முடிந்தது பேச்சு. ஆனால் இந்த மண்ணில் கால் வைத்ததும் என் ஜாவா நாக்கு பழையபடி சுருண்டுகொண்டது. நாங்கள் திருடனிடம்கூட மாட்டேன் என்று சொல்ல மாட்டோம். சுற்றி வளைத்துத்தான் புரியவைப்போம். என்னிடம் ஒரு பழைய பை இருந்தது. கிழிந்த துண்டு, தேய்ந்த செருப்பு, இனி உடுத்த முடியாத உள்பாவாடைகள். விமானத்தில் எடை மிச்சமிருந்ததால் தூக்கிப் போடாமல் கொண்டு வந்தவை.

"ஐயா, இதைக் கொஞ்சம் பிடிச்சுக்கிட்டு இங்கயே நில்லுங்க. கழிப்பறைக்குப் போயிட்டு வந்துடறேன்."

அவர் இரண்டு கைகளாலும் அந்தப் பையை வாங்கிக்கொண்டார். நான் மற்ற பெட்டிகளோடு கழிப்பறையைத் தாண்டி, அடுத்த வாசல் வழியாக வெளியேறி, பேருந்தில் ஏறிவிட்டேன்.

வழியெல்லாம் எனக்கு ஒரே குஷி. அந்தப் பையை ஏதோ ஒரு சந்தில் வைத்துத் திறந்து பார்ப்பானே, அவன் மூஞ்சி எப்படிப் போகும் என்று நினைத்து நினைத்துச் சிரித்தேன். பசார் செனெனில் அடையாள அட்டையைக் காட்டி உள்ளே போனேன், நிம்மதியாக உட்கார்ந்தேன். வண்டி கிளம்பியது. எனக்குப் பக்கத்து இருக்கை காலியாகவே இருந்தது. இடமே இல்லாத வண்டியில் இப்படியொரு அதிர்ஷ்டமா என்று அதிலும் ஒரு பெட்டியைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

எதிரே கைக்குழந்தையோடு ஒரு பெண் இருந்தாள். வெகு நேரம் அவளை நோட்டம் விட்டு, குழந்தை அவளுடையதுதான் என்று உறுதியான பிறகு, போனைக் கொஞ்சம் கேட்டு வாங்கி லாரஸைக் கூப்பிட்டேன்.

"எங்கம்மா இருக்க?" என்றாள். அழுத குரல்.

"ரயில்லதான். எப்பவோ கிளம்பியாச்சு. ஏன்டி?"

"அப்ப பையைக் குடுத்து நிக்க வச்சுட்டு வந்தது வேணும்னுதானா?"

"அந்தத் திருட்டுப் பயலைச் சொல்றியா?"

"அவர் பிமோவோட அப்பாம்மா."

லாரஸிடம் நான் பிமோ அப்பா, பிமோ அம்மா என்றே பேசி வந்தேன், எங்கள் பக்கத்தில் பெரியவர்களைப் பிள்ளை பெயர் சொல்லித்தான் குறிப்பிடுவோம். அவர் பெயர் என்ன என்று நான் கேட்டதே இல்லை. பெண் கேட்பதற்கு முன்னால் சம்பந்தியம்மாளை வெறுங்கையோடு, டிரைவர் சட்டையில் பார்ப்பது முறையில்லை, ஊர்க்காரன் என்று மட்டும் இருந்துவிட்டுப் போகிறேன் என்று அவர்தான் கேட்டுக்கொண்டாராம். பெயரைச் சொன்னால் எனக்கே தெரிந்துவிடும், தெரிந்தும் தெரியாததுபோல் நானும் நடந்துகொள்வேன் என்று இருவரும் நினைத்திருக்கிறார்கள். பக்கத்து இருக்கை அவருக்காக லாரஸ் சேர்த்து எடுத்தது. நான் பெட்டியை அதிலிருந்து கீழே இறக்கினேன், என்னவோ அதனால் சரியாகிவிடும்போல.

"ரயில் கிளம்புற நேரம் வரைக்கும் அங்கயே நின்னிருக்கார்" என்றாள் லாரஸ். "அப்புறம்தான் எனக்குப் போன் பண்ணார். நீ மேலயும் கீழயும் பார்த்தியாம். அவர் குடுத்த சோத்தைத் தொடலையாம். வேணாம்னு வாயால சொல்ல மனசில்லாம நீ இப்படிப் புரியவச்சுட்டேன்னு சொல்றார். நாளைக்கு யாரும் கிளம்ப வேணாம்னு வீட்டுலயும் சொல்லிட்டார். பலகாரத் தட்டெல்லாம் கட்டி வச்சாச்சும்மா."

எண்ணை வாங்கி அவரைக் கூப்பிட்டேன். குரல் அப்போதும் அதே பணிவோடுதான் இருந்தது. பை பத்திரமாக இருக்கிறது, லாரஸிடம் சேர்த்துவிடுகிறேன் என்றுதான் ஆரம்பித்தார். நான் பட்டென்று உண்மையைச் சொன்னேன்.

"ஐயா, நான் உங்களைத் திருடன்னு நெனச்சுட்டேன். அதான் ஓடி வந்துட்டேன். வேற ஒண்ணுமே இல்ல."

"பரவாயில்லம்மா" என்றார். "என் மனசு நோகக் கூடாதுன்னு இப்படிச் சொல்றீங்க. எனக்குப் புரியுது. உங்க நல்ல குணம்."

வாழ்க்கையில் ஒரு முறை சுற்றி வளைக்காமல் பேசினேன், அதையும் அவர் மரியாதைக்குச் சொல்லும் சாக்கு என்று எடுத்துக்கொண்டார். எப்படிச் சொன்னாலும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார், எங்கள் ஜனம் அப்படி. லாரஸின் அழுகை காதிலேயே நின்றது. நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"உங்க பையனுக்கு என் பொண்ணைக் குடுக்கறேன். நீங்க கேக்கறதுக்கு முன்னாடியே சொல்றேன். சரி, சரி, சரி. போதுமா?"

பெட்டி மொத்தமும் திரும்பிப் பார்த்தது. கேட்காத பெண்ணைத் தானே கொடுக்கும் தாயை எங்கள் பக்கத்தில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். எதிரே இருந்தவள் குழந்தையின் காதைப் பொத்தினாள்.

முதலாளியிடம் காரைக் கேட்டுப் பார்க்கிறேன், விடாமல் ஓட்டினால் காலைக்குள் வந்துவிடலாம் என்று அவர் மெதுவாகச் சொன்னார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"தப்பா நெனச்சுக்காதீங்கம்மா. இங்க கூட வேலை செய்யறவர் ஒருத்தர் பக்கத்துல இருக்கார். அவர் காதுலயும் விழற மாதிரி, இன்னொரு தடவை சொல்ல முடியுமா?"

சொன்னேன். எனக்குக் கோபமே வரவில்லை. அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் எழுதியே வாங்கியிருப்பேன்.